ஃபுமியே வரையாமல் விட்ட சுவர்கள்

கள்ளக்காதலர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் ஃபுமியேயின் தொழில். புருஷன் கென்சோ, பெண்கள் படிக்கும் மாத இதழுக்குப் படக்கதை போடுகிறவன். மனைவியை ஏமாற்றும் புருஷன், புருஷனை ஏமாற்றும் மனைவி, இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டே பத்தொன்பது வருஷம் சோறு தின்றான். முகமும் உடம்பும் அவன் வரைவான். அவர்கள் சந்திக்கும் விடுதி அறை, மழை வழியும் ஜன்னல், விஷயம் தெரியாத மனைவி சோறாக்கும் அடுப்படி, அத்தனையும் ஃபுமியே வரைவாள். தரையில் விரிக்கும் பாயின் நெசவைக்கூட அளவுகோல் வைத்து இழை இழையாகப் போடுவாள். அவள் பெயர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை. "குடும்பத்துக்குள்ள எதுக்கு தனித்தனியா பேரு?" என்பான் கென்சோ. அவளும் சரிதான் என்று இருந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்தக் குடும்பம் ஒன்றுதான்.

வீட்டு வேலையறையின் மூன்றாவது மேசையில் ரிட்சுகோ. படத்தில் நிழல் காட்டுவதற்கான புள்ளித்தாளை வெட்டி ஒட்ட வந்த பெண், வயது இருபத்தாறு. வாய்க்கு வாய் "அக்கா" என்பாள். அந்தத் தாளின் துணுக்குகள் அவள் காலுறையில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் உதிரும். ஒருநாள் படுக்கையிலும் கிடந்தன. ஃபுமியே உதறி மடித்து வைத்தாள். ஊரார் துரோகத்துக்கெல்லாம் ஜன்னல் வரைந்தவளுக்குச் சொந்த வீட்டுக்குள் கண் அவிந்து போயிருந்தது.

மே மாதக் கதையில் நாயகி விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கென்சோ நிஜத் தாளையே வார்டு அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தான்.

"இதை நிரப்பு. உன் கையெழுத்துலயே."

"வரைஞ்சிடறேனே. நெசத் தாளு எதுக்குங்க?"

"வரைஞ்ச கையெழுத்து வரைஞ்ச மாதிரியேதான் இருக்கும். வாழ்ந்து முடிச்சவ எழுதறப்போ கை எங்க தயங்கும்னு நான் பாக்கணும். சொந்தப் பேரையே போடு. அப்புறம் வெள்ளை மையால மறைச்சுக்கலாம்."

"என் பேரு முத்திரையுமா?"

"முத்திரை இல்லாத தாளை எந்த வாசகி நம்புவா?"

அவர்கள் நாட்டில் கல்யாணம் முறிய நீதிபதி வேண்டாம். புருஷன் பெண்டாட்டி கையெழுத்தும் பெயர் முத்திரையும், இரண்டு சாட்சி முத்திரை, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள், அவ்வளவுதான். இது ஃபுமியேவுக்குத் தெரியாததல்ல. ஏழு கதைகளில் அந்தத் தாளை அவளே வரைந்திருக்கிறாள். தொழில் என்றால் எல்லாம் தொழில் என்று முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி அழுத்தினாள். சாட்சிக் கட்டங்களில் ரிட்சுகோவும் இதழாசிரியர் நுமாதாவும் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். கென்சோ நகல் எடுத்து வந்தான். நகலில் இருந்த தன் பெயரை ஃபுமியே தானே வெள்ளை மை வைத்துச் சுத்தமாக மறைத்தாள். மூலத் தாள் எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

இருபதாவது கல்யாண நாளுக்கு ஹவாய் போகலாம் என்று அவளுக்கு ஒரு நெடுநாள் ஆசை. ஜூலையில் பாஸ்போர்ட்டுக்காக, வீட்டார் பெயரெல்லாம் இருக்கும் குடும்பப் பதிவின் நகல் வாங்க வார்டு அலுவலகம் போனாள்.

"அம்மா, இதுல இருந்து உங்க பேரை எடுத்தாச்சுங்களே," என்றார் அலுவலர்.

பழைய வழக்கப்படி அவள் பெயர் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அளவுகோல் வைத்து இழுத்த, பிசிறில்லாத இரண்டு கோடுகள். பக்கத்தில் புது மனைவி என்று, மே மாதத் தேதியோடு, ரிட்சுகோவின் பெயர்.

"கையெழுத்து உங்களுதுதானுங்களா?"

"ஆமா."

"முத்திரை?"

"அதுவும் என்னுதுதான். ஆனா அது படத்துக்காகப் போட்டது."

அலுவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

வீட்டில் இருவரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஃபுமியே பதிவின் நகலைக் கென்சோவின் மேசையில் வைத்தாள். அவன் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த மாச வேலை முடியட்டுமேன்னு பாத்தேன். நீ இப்ப கோவிச்சுக்கிட்டா பின்னணி யாரு போடறது?"

"அக்கா..." என்று ஆரம்பித்தாள் ரிட்சுகோ.

"அக்கான்னு கூப்பிடாத. ரெண்டு மாசமா உனக்கு மிசோ சூப்பு ஊத்தி வச்சேன். உப்பு சரியா இருக்கான்னு வேற கேட்டேன்."

அதற்கு மேல் பேச அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பேனாக்களையும் அளவுகோலையும் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். முப்பத்திரண்டு பக்கங்கள், ஒரு சுவர்கூட இல்லாமல் மேசையில் கிடந்தன. நாறட்டும் என்று நினைத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒரே பழிவாங்கல் அதுதான்.

அடுத்த மாதம், தங்கை ஊரான நீகாதாவில், ரயில் நிலையக் கடையில் இதழைப் புரட்டினாள். கென்சோவின் கதையில் புருஷனும் மனைவியும் வெறும் வெள்ளைத் தாளில் நின்றார்கள். கட்டில் இல்லை, கதவு இல்லை. பக்க ஓரத்தில் நுமாதா எழுதியிருந்தார்: "முறிந்த இல்லறத்தின் வெறுமையை வெள்ளையாகவே விட்டிருக்கிறார் கென்சோ. இது அவருடைய உச்சம்."

ஃபுமியே அதை இரண்டு தடவை படித்தாள். அவள் வரையாமல் விட்டதும் அவன் பெயரிலேயே அச்சாகியிருந்தது.