மூன்றாம் படியில் நின்றவர்

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி அடங்கியதும் தேசிங்கு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். "மாமா போயிட்டாரு முசியே. ஆசுபத்திரியில, விடியறதுக்குள்ள." ஏகாம்பரத்தின் மைத்துனன் அவன், கார்டிங் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பழகியவன். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி, அதிகாரி என்றால் இங்கே 'முசியே'தான். லீவுச் சீட்டை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிட்டர் ஏகாம்பரத்தை நம் ஆலையில் அறியாதவர் இல்லை. குருசுக்குப்பத்தில் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர் பஞ்சுக்கு வந்தார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில், கம்பிப் பற்களுக்கு இடையே காகிதம் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். டிப்ளமா படித்த நான் இடைவெளியை அளக்கும் கேஜை எடுப்பதற்குள், ஓசையை வைத்தே "இடது பக்கம் ஒரசுது" என்பார். ஒரு தடவையும் தப்பியதில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கியதும் நம் பிட்டர்கள் ஒவ்வொருவராகப் பஸ் ஏறினார்கள். அவர்களை நிறுத்திவைக்க ஒரு போனஸ் திட்டம் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். எழுதினேன். மூன்று வருஷம் விலகாமல் இருந்தால் ஆறு மாதச் சம்பளம் மொத்தமாக. அதே பிரிவில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நானாகச் சேர்த்தேன். புதியவனைப் பழக்க இரண்டு வருஷம் ஆகும் என்பது என் வாதம்.

அறிக்கையைப் படித்தபோது ஏகாம்பரம் சிரித்தார். "எம் பொண்டாட்டியே என்னப் போவாதன்னு சொன்னதில்ல முசியே. கம்பெனி சொல்லுது. இருந்துட்டுப் போறேன்." மகள் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

திங்கட்கிழமைகளில் மந்தமாக வருவார். கார்டிங் கூடத்துக்கு ஏறும் ஐந்து படிகளில் மூன்றாவதில் நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமைச் சாராயம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, எல்லோர் முன்னாலும் "வாயை ஊதுங்க" என்றேன். ஊதினார். வெற்றிலை வாசனை. "குடிச்சிருந்தா காரணமாவது இருக்கும் முசியே. ஒரு நா வெளிக்காத்து வாங்கிட்டு உள்ள வந்தா, நெஞ்சு மேல பஞ்சு மூட்டைய ஏத்தின மாரி இருக்குது. செவ்வாக்கெழம எறங்கிடும்."

மூன்றாம் வருஷம் செவ்வாய்க்கிழமையும் இறங்கவில்லை. பட்டறைக்கு மாற்றித் தருகிறேன், அங்கே பஞ்சுத்தூசி கிடையாது என்று நானே போய்ச் சொன்னேன். "போனசு?" என்றார். போய்விடும் என்றேன். மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாரும் வந்து நிப்பாங்க. நீர் எழுதினதுதானே அது?" என்றார். ஏகாம்பரம்தான் என்னைத் தேற்றினார். "இன்னும் எட்டு மாசந்தானே. நான் பல்லக் கடிச்சிக்கிறேன், நீங்க ஏன் மொகத்தத் தூக்கி வெச்சிக்கிறீங்க?"

பணம் சொன்ன நாளில் வந்தது. கல்யாணம் நடந்தது. பந்தல் காலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, சம்பந்தியிடம் என்னைக் காட்டி, "இவரு எழுதின காயிதந்தான் எம் பொண்ணக் கரையேத்திச்சு" என்றார். அங்கேயே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இலை போட்டாயிற்று என்று எழுந்து போய்விட்டேன். மறுவாரமே அவரைப் பட்டறைக்கு மாற்றினேன். அங்கே அவரால் உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது.

திட்டம் பலித்துவிட்டது. ஒரு கார்டிங் பிட்டர்கூட விலகவில்லை. அடுத்த மூன்று வருஷத்துக்கும் அதே அறிக்கை டைப்பாகி வந்தது. நிபந்தனை வரியைக் கோடு போட்டு நீக்கி அனுப்பினேன். அந்த வரியோடுதான் நோட்டீஸ் பலகையில் ஏறியது.

அவருடைய காது எனக்கு வராது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த மூன்றாம் படிதான். திங்கட்கிழமை காலையில் அதைப் பார்த்தபடி நிற்கிறேன். காரியம் முடிந்து வேலைக்கு வந்த தேசிங்கு, இந்தத் திங்களன்று அங்கே நின்று துண்டை அவிழ்த்துக் கட்டினான். பக்கத்தில் போய், "பட்டறைக்கு மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"போனசு?" என்றான்.