ரோஸலின் அம்மா பார்த்த தடம்

ஓசூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணகிரி வண்டியிலிருந்து இறங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்து நேராக வந்தார். "முனிரத்தினம் சார், உங்க ஆபீசு ரோஸம்மா தவறிட்டாங்க. நேத்தே அடக்கம் ஆயிடிச்சு. உங்களுக்குத் தந்தி வரலீங்களா?" என்றார். தந்தி வரவில்லை. காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மீதி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை ஏன் குடித்தேன் என்று இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். கடைசி மூன்று ஆண்டுகள் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டுமே மிஞ்சினோம். அதனால் இதை எழுத வேண்டியவன் நான்தான். எழுதத் தகுதியானவன்தானா என்பதை முழுதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆலை ஓடி, தரையெல்லாம் அதிர்ந்து, நுண்ணோக்கிகள் நடுங்கின. அதனால்தான் சேலம் ஜில்லாவின் இந்த ஓரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம் பிடித்து எங்களை உட்கார வைத்தார்கள். பலூனில் ஏறி வானத்தின் உச்சிக்குப் போய்வந்த, புகைப்பட மருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளில், விண்ணிலிருந்து வரும் துகள்கள் விட்டுச்சென்ற தடங்களைத் தேடுவதே எங்கள் வேலை. நாளெல்லாம் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியையாக இருந்துவிட்டு நாற்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர் ரோஸலின் அம்மா. வந்த முதல் மாதமே துகள்களுக்கு உறவுமுறை வைத்துவிட்டார். பை மீசான் என்ற துகள் ஓடி ஓடித் தளர்ந்து நிற்கும். நின்ற இடத்தில் மியூ மீசான் பிறந்து கொஞ்ச தூரம் ஓடும். அது நின்ற இடத்திலிருந்து மெல்லிய இழையாக எலக்ட்ரான் கிளம்பும். "அப்பன், மகன், பேரன்" என்பார் அவர். "எல்லா ஊட்லயும் இதே கதைதாங்க சார். நல்லது கெட்டது எதுவும் மாறாது" என்று சிரிப்பார்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒருவர் அரிய தடம் ஒன்றைக் கண்டால், தட்டின் எண்ணையும் இடத்தின் அளவையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதி மற்றவரிடம் கொடுக்க வேண்டும். என்ன கண்டார், எப்படிக் கண்டார் என்று வாய் திறக்கக் கூடாது. மற்றவரும் தாமாகக் கண்டு கையெழுத்திட்டால்தான் அது கணக்கில் சேரும். அதன் பிறகே இருவரும் அதைப் பற்றிப் பேசலாம். ஒரே நுண்ணோக்கியில் மாறி மாறிப் பார்த்து மகிழலாம். இந்த விதியை அவரைப் போல மதித்தவர் யாருமில்லை. "சொல்லிக் குடுத்துப் பாத்தா அது என் கண்ணுங்க சார். உங்க கண்ணு ஆவாது" என்பார்.

ஒருமுறை பலூன் பெட்டி குருபரப்பள்ளிக்கு அப்பால் ஒரு கேழ்வரகுக் கொல்லையில் விழுந்தது. நான்தான் எடுக்கப் போனேன். நான் போவதற்குள் கொல்லைக்காரர் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலைக்கே கொண்டுவந்துவிட்டார். "வெயில்ல கெடந்தா கெட்டுப்புடும்னு கொண்டாந்தேன் சாமி" என்றார், தெலுங்கு கலந்த தமிழில். நல்ல மனசு. ஆனால் வண்டி ஆடிய ஆட்டத்தில் ஒரு தட்டின் மூலை உடைந்திருந்தது. "ஒரு மூலை சேதம்" என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பகல் பொழுதில், ரோஸலின் அம்மா நுண்ணோக்கியை விட்டு எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து என் மேசையில் ஒரு சீட்டை வைத்தார். தட்டின் எண்ணும் இடத்தின் அளவும் மட்டுமே அதில் இருந்தன. நான் அந்தத் தட்டை வைத்து, அவர் குறித்த இடத்தைத் தேடினேன். அன்று முழுதும் தேடினேன், மறுநாளும் தேடினேன். அங்கே ஒன்றுமே இல்லை. சீட்டில் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, "இன்னொரு தபா பாக்கறீங்களா சார்?" என்றார். "பார்த்தது பார்த்ததுதான்மா. எனக்கும் கண் இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். பெங்களூரிலிருந்து வந்த தலைமை ஆய்வாளர் சீட்டைப் பார்த்து, "தனி ஆள் பார்த்தது கனவு மாதிரி" என்று சொல்லித் தட்டை அலமாரிக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ரோஸலின் அம்மா மதியச் சோற்றை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். நானும் ஏனென்று கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு செய்தி வந்தது. பை மீசான் மிக மிக அரிதாக மியூ மீசானைப் பெறாமலே நேரடியாக எலக்ட்ரானைத் தரும் என்று வெளிநாட்டில் கண்டுவிட்டார்களாம். இருக்கும், ஆனால் ஆயிரமாயிரம் தடத்தில் ஒன்று தேறுவதே அபூர்வம் என்று கணக்குப் போட்டவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பல காலம் தேடியும் கிடைக்காத ஒன்று அது. நான் படித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இருக்குதுங்க சார்" என்றார். அவ்வளவுதான். அவருடைய சீட்டு அந்த நொடியே என் நினைவுக்கு வந்தது. அலமாரி பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பார்த்து, அது அங்கே இருந்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அவருடைய தம்பி, "அக்கா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லுச்சு" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன். எனக்குச் சீட்டு கொடுத்த நாளுக்குரிய பக்கத்தில் பென்சிலில் அழகாக ஒரு படம் வரைந்திருந்தார். தடித்த தடம் ஒன்று வந்து நிற்கிறது. நின்ற இடத்திலிருந்தே ஒரு மெல்லிய இழை கிளம்புகிறது. கீழே, "மகன் இல்லாமல் பேரன்" என்று எழுதியிருந்தார். மறு பக்கத்தில் இரண்டே வரி: "முனிரத்தினம் சார் தட்டைத் திருப்பி வைத்தாரோ? கேட்டால் சொல்லிக் கொடுத்தது ஆகிவிடும்."

சூளகிரி வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டு எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காக ஒரு மூலையை நாங்களே நேராக வெட்டியிருப்போம். அதை வலது கை மேல்பக்கம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தட்டில் அதற்கு எதிர்மூலை வண்டியில் உடைந்திருந்தது. மூலை இல்லாத பக்கம் ஒன்று கண்ணில் பட்டதும் பழக்கத்தில் அதையே மேலே வைத்துவிட்டேன். தலைகீழான தட்டில் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். சேதம் என்று எழுதியவனே நான்தான்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். தட்டை இந்த முறை நேராக வைத்து, அவர் எழுதிய அளவுக்கு நகர்த்தினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. படத்தில் இருந்தபடியே இருந்தது. நடுவில் மகன் இல்லை. ஒரே ஒரு தடம் எதையும் நிரூபித்துவிடாது, கோணத்தால் கண் ஏமாந்ததாகவும் இருக்கலாம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். அவர் கேட்டது நிரூபணம் அல்ல, இன்னொரு ஜோடிக் கண். அதைத்தான் நான் கொடுக்கவில்லை.

அந்தப் பழைய சீட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. "இல்லை" என்பதை அடிக்கவில்லை, அது என் தவறு, அப்படியே கிடக்கட்டும். அதன் கீழே "கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு அவருடைய முக்காலியை என் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். விதிப்படி இனி அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசலாம்.