நவமியன்று நிறுத்தப்பட்ட பஸ்

கரமனை அக்கிரகாரத்தில் சேஷனைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் இரண்டு. அவருக்குப் பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். அவர் தினமும் பஸ் ஓட்டுவார்.

உத்தியோகம் ஓர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சாயங்காலம் காபி குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் டிரைவர். பழைய வீடியோ கேம். அதில் ஒரு பஸ்ஸை மலையுச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வழியெல்லாம் ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப நட்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில் பாகீரதியைப் பொன்முடிக்குக் கூட்டிப்போன சேஷன், மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே இறங்கி ஓரமாகக் குந்திவிட்டார். பஸ் பாகீரதியோடு மேலே போய்விட்டது. அதன்பிறகு அவர் பார்த்த உச்சியெல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

தெருவில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு, சம்பளம் கிடையாது. நவராத்திரிக்கு எது விதி, எது விதியில்லை என்று தீர்ப்பு சொல்வது. அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தால் விஜயதசமி காலைவரை வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வைத்ததைத் தொடக் கூடாது. போன வருஷம் ஐ.டி. கம்பெனி மஹேஷ் அவசர வேலை என்று பூஜையிலிருந்து லேப்டாப்பை எடுக்கப் போனபோது, சேஷன் அவன் வீட்டு வாசலிலேயே நின்று தடுத்தார். "சரஸ்வதியே லீவுல இருக்கா. உன் மேனேஜர் அவளுக்கு மேலயா?" மேனேஜர் மேலேதான் என்பது மறுநாள் மஹேஷுக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் தெருவிலுள்ள லேப்டாப் அத்தனையும் சந்தனப் பொட்டோடு பூஜையில் இருந்தன. சேஷனின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். பாகீரதி அதற்குச் செம்பருத்தி சாத்தி, மவுஸுக்குக் குங்குமம் இட்டிருந்தாள். செல்போனுக்கு மட்டும் சேஷன் சலுகை கொடுத்திருந்தார். பேசலாம், வாசிக்கக் கூடாது.

நவமி சாயங்காலம் மஹேஷ் வந்தான்.

"மாமா, உங்க பஸ்ஸை நிறுத்தப் போறான்."

"எந்த பஸ்ஸுடா?"

"நீங்க ஓட்டறது. அந்த கேமை ஆன்லைன் கடையிலேருந்து எடுக்கறானாம். இன்னிக்கு ராத்திரியோட சரி. காசு கொடுத்து வாங்கினவாளும் அதுக்குள்ள இறக்கிக்கணும், இல்லேன்னா கிடையாது."

"நீ வாசிச்சியா?"

"வாசிக்கலை மாமா. கண்ணுல பட்டுது."

அந்த பஸ்ஸைத் தயாரிக்கும் கம்பெனியோடு கேம்காரர்கள் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒப்பந்தம் முடியும் என்பது சேஷனுக்குப் புதிது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போகிறது என்று போன மாதம்தான் அவர் அந்த கேமை அழித்திருந்தார். கடையில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற தைரியம்.

"உன் லேப்டாப்..." என்று ஆரம்பித்தார்.

"பூஜைல இருக்கு மாமா," என்றான் மஹேஷ். இதைச் சொல்வதற்காகவே ஒரு வருஷம் காத்திருந்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம்.

கொஞ்ச நேரம் கூடத்தைக் காலால் அளந்துவிட்டு, சேஷன் அலுவலகத் தோழி ஷெமிக்குப் போன் போட்டார். வீடு பொன்முடி போகிற வழியில், மலையடிவாரத்து வித்துராவில். பூஜை வைக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. லேப்டாப் உண்டு. தன் கணக்கில் நுழைந்து கேமை இறக்கச் சொன்னதும் ஷெமி சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகப் போனைச் சற்று தள்ளிப் பிடித்திருக்கலாம்.

"சாரே, பாஸ்வேர்டு பறயூ," என்றாள் மலையாளத்தில்.

டைப் அடிப்பது எழுதுவதுதான். ஆனால் அடிக்கப்போவது ஷெமி. வாயால் சொல்வதற்குத் தடையில்லை என்று சேஷன் தனக்குத்தானே தீர்ப்பளித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அதைக் கூட்டிப் படித்தால் 'பாகீ தூங்கியாச்சு' என்று வந்தது. பாகீரதி தலை நிமிராமல் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் மட்டும் சற்று அதிகமானது.

"சாரின்டெ போனில் ஓ.டி.பி. வந்நிட்டுண்டு. நோக்கூ."

போன் சிணுங்கியது. சேஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எண்ணும் எழுத்துதான்.

"மஹேஷ், இங்க வாடா. இதுல ஏதாவது உன் கண்ணுல படறதா பாரு."

மஹேஷ் போனை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தான். "போன வருஷம் சொன்னது தப்புன்னு சொல்லுங்கோ. கண்ணு தானா திறக்கும்."

"பூஜை நாளுல என்னடா பேரம்!"

"சாரே, வேகம். சமயம் போகுந்நு," என்றாள் ஷெமி.

சேஷன் சுவாமி அறையைப் பார்த்தார். விளக்குக்கு முன்னால் கம்ப்யூட்டர் செம்பருத்தியோடு நிம்மதியாக இருந்தது. மலையுச்சியில் பஸ்ஸை நிறுத்தியதும் தெரியும் அந்த மொட்டை வானம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"லேப்டாப் ஆயுதம் இல்லை," என்றார். கோர்ட்டில் வாக்குமூலம் கொடுப்பவர் குரல். "எடுக்கலாம். தப்பில்லை."

மஹேஷ் ஓ.டி.பி.யை வாசித்தான், ரொம்ப சத்தமாக. வாசித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். காபி ஆறுவதற்குள் தீர்ப்பு தெருக்கோடிவரை போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் சத்தம் வரத் தொடங்கியது.

சேஷன் மெல்ல சுவாமி அறைப் பக்கம் நகர்ந்தார். வாசற்படியில் சுண்டல் கிண்ணத்தோடு பாகீரதி.

"எங்கே?"

"அதான் சொல்லிட்டேனே. ஆயுதம் இல்லையாக்கும்."

"நீங்க சொன்னது லேப்டாப்புக்குத்தானே. இது டெஸ்க்டாப்." ஒரு கை சுண்டலை அவர் கையில் வைத்தாள். "நாளைக்குக் காலம்பற எடுக்கலாம். நான் தூங்கினதுக்கு அப்புறம் தொட்டுடாதேள்."

அவர் விதித்த விதியை அவர் வீட்டில் காப்பாற்ற ஓர் ஆள் இருந்தது. ராத்திரி கழிந்தது, கடையில் கேமும் போனது. இறக்கிய மெஷினைத் தவிர வேறு எதிலும் அது ஓடாது என்று விஜயதசமி காலையில், வாசிக்கலாம் என்றானபிறகு, சேஷனே வாசித்துத் தெரிந்துகொண்டார்.

கேம் இப்போது வித்துராவில், ஷெமியின் லேப்டாப்பில் இருக்கிறது. இரண்டாம் சனி லீவுதோறும் சேஷன் கிழக்கேகோட்டையில் பஸ் மாறி அங்கே போய், பஸ் ஓட்டிவிட்டு வருகிறார். போகும்போது ஜன்னலோர சீட், கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் காலிப் பை ஒன்று. போன தடவை அது பாதி வழி, நெடுமங்காடுவரை காலியாகவே இருந்தது.