அக்கா கையெழுத்துப் போட்ட மனு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு மனு எல்லாம் நீங்கதான மாமா எழுதிக் குடுப்பீங்க, இதையும் எழுதிடுங்க" என்றாள். பாவம், அவள் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அக்கா பிறந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில். அவர் பத்தாவது படிக்கும்போதே அப்பா நோயில் போய்விட்டார். அதன் பிறகு அம்மாவின் மீன்கூடைதான் குடும்பத்தை நடத்தியது. விடிந்ததும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை நடந்தே போய் விற்பார். பள்ளி விடுமுறை நாள்களில் அக்காவும் கூடவே போவார். பாதி வழியில் ரோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கற்களை நட்டு, தோள் உயரத்தில் ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தூக்கிவிட ஆள் இல்லாமலே கூடையை அதில் இறக்கலாம், மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இப்படி ஒரு கல் வைப்பது வழக்கம். எங்கள் கல்லிலும் எழுத்து இருந்தது. பெயர் தேய்ந்துபோய், "அம்மாள் ஞாபகார்த்தம்" என்பது மட்டும் படிக்கக் கிடைத்தது. யார் அந்த அம்மாள் என்று கேட்டுக் கேட்டு அக்கா அம்மாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறாராம்.

படித்து முடித்ததும் செங்கல்பட்டில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அம்மாவின் தலையிலிருந்து கூடை இறங்கியதும் அதனால்தான். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிய மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு, செங்கல்பட்டிலேயே குடியிருந்தார். அக்காவின் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் வெளியூருக்கு டிரங்க் கால் பேசுவதுபோல்தான் இருக்கும். கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். ஆறினால் காபி வரும்.

ஓய்வு பெற்ற பிறகு, ஊரின் பழமையில் அக்கறை உள்ள சிலரோடு சேர்ந்து ஒரு மரபுச் சங்கம் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொளவாய் ஏரிக்கரையில் கூடுவார்கள். ஒருவர் பழைய கட்டடங்களைப் படம் எடுப்பார், ஒருவர் கல்வெட்டு தேடிப் போவார். அக்காவின் பங்குக்குச் சுமைதாங்கிகள். தை மாதத்தில் "கூடை நடை" என்று ஒன்றை ஆரம்பித்து வைத்தவரும் அவரே. சங்கத்துப் பெண்கள் தலையில் கூடையோடு அந்த ரோட்டில் நடப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் கூடையை இறக்கி, தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா கையாட்டுவார்.

"மச்சான், உங்கக்கா கல்லுக்கு வாக்கப்பட்டவ. நானு ரேஷன் கார்டுல பேருக்குத்தான் கீறேன்" என்பார் மாமா. ஆனால் கழுவுவதற்குத் தண்ணீர்க் குடம் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வண்டி ஓட்டி வந்தவரும் அவர்தான்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தும் வேலை வந்தது. அம்மா கூடை இறக்கிய அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே அடையாளக் கம்பு நட்டார்கள். உடனே மனு கொடுக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. அக்கா செயலாளர். மனு எழுத நான் இருந்தேன். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் என்ற திமிர் எனக்கு உண்டு.

கல்லைப் பாதுகாக்க வேண்டும் என்று முதல் பத்தியில் எழுதினேன். கடைசிப் பத்தியில் கை பழகிய வரியைப் போட்டேன்: "மேற்படி சுமைதாங்கி எந்த நேரத்திலும் சரிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஏற்படும் அபாயம் உள்ளதால், போர்க்கால அடிப்படையில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

படித்துக் காட்டினேன். அக்கா முகத்தைச் சுளித்தார்.

"டேய், கல்லு எங்கடா வியுற மாரி கீது? லேசா சாஞ்சிக்கினு கீது, அவ்ளோதான். அம்மா கூடைய எறக்கசொல்லவே அப்டித்தான் இருந்துச்சு."

"நீ கம்முனு இருக்கா. இப்டி எயுதுனாத்தான் பைலு நகரும்."

"இன்னாவோ, உனக்குத்தான் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான் போட்டார்.

பைல் நகர்ந்தது. நான் வேலை பார்த்த காலத்தில்கூட அவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. பத்து நாள்கூட ஆகவில்லை, அந்தக் கல்லின் பக்கத்தில் கடை போட்டு மீன் விற்கும் தனம் போன் செய்தார். "யக்கா, மெஷினு வந்து கல்ல பேத்துட்டாங்கக்கா! கேட்டா, நீங்கதான் எடுக்கச் சொல்லி பேப்பர் குட்த்தீங்கன்றாங்க. நீங்களாக்கா?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழி மட்டும் இருந்தது. உடைந்த கற்களை டிப்பர் லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள். எங்கே கொட்டினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அக்கா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பதில் கடிதம் பிறகு வந்தது. "தங்கள் மனுவில் குறிப்பிட்டபடி, பொதுமக்கள் உயிருக்கு அபாயமாக இருந்த கற்கள் அகற்றப்பட்டன. மனு முடித்துவைக்கப்பட்டது." அவர்கள்மேல் என்ன குறை சொல்ல? கடைசிப் பத்தியைத்தான் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நானும் முப்பது வருஷம் அப்படித்தானே படித்தேன்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கொதித்தார்கள். "இந்த வரிய யாரு எயுதுனது?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்தார்.

"நான்தான் எயுதுனேன். இன்னா இப்ப?"

நான் அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே அவர் செயலாளர் பொறுப்பை விட்டார். சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "கையெயுத்து என்துதானடா. வுடு" என்றார். அவ்வளவுதான். உங்களில் பலர் அந்தத் தவறு அக்காவுடையது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னுடையது. அவர் இருக்கும்போது சொல்லத் தைரியம் இல்லாதவன், அவர் படத்துக்கு மாலை போட்ட பிறகு எழுதுகிறேன். காறித் துப்பினாலும் தகும்.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்த மாதங்களில், எழுத்திருந்த அந்தப் பலகைக் கல்லைத் தேடி ரோடு போட்ட இடமெல்லாம் அலைந்தேன். "கெட்ச்சுதாடா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்பேன். கடைசி வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டார். அதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி நாளில் உறவினர்களை ஏற்றிவர வண்டியோடு வந்த மாமாவின் கம்பெனி நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சாப்பாடு அனுப்பிய தெருவினருக்கும், கடையை மூடிவிட்டு வந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தனத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோபத்தை மறந்து வந்து தோள் கொடுத்த சங்கத்தாருக்கும் நன்றி. யார்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் இன்னொரு சுமைதாங்கி இருக்கிறது. ரோடு வேலை அதன் பக்கத்தில் வந்துவிட்டது. சங்கத்தார், விஷயம் தெரியாமல், என்னிடமே மனு கேட்டிருக்கிறார்கள். கல் உறுதியாக இருக்கிறது என்று எழுதினால் மனுவை யாரும் பார்க்கமாட்டார்கள். விழப்போகிறது என்று எழுதினால் மெஷின் வரும். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதினாலும் படித்துக் காட்ட அக்கா இல்லை. "கல்லு எங்கடா வியுற மாரி கீது?" என்று கேட்க இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.