மரகதம் டீச்சர் கையை இறக்கச் சொன்ன நாள்

மரகதம் டீச்சர் இன்று காலை ஆறேகாலுக்கு அம்பாங்கானில், தன் வீட்டில் காலமானார். மகள் போனில் சொன்னார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டார்.

வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தபோது அவருக்கு இருபதுகூட ஆகியிருக்காது.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடமும் கம்பிக்குள்தான். ஒரே கேட். மரம் சீவப் போகிறவர்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது.

வெளியே எதுவும் பேசாதே என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அனுப்பினார்கள். நாங்கள் வகுப்பிலும் பேசவில்லை. புரிந்ததா என்று டீச்சர் கேட்டால் தலையாட்டுவோம். புரியாவிட்டாலும் தலையாட்டுவோம்.

டீச்சர் ஒரு பை நிறைய ரப்பர் கொட்டை கொண்டுவந்தார். காலையில் ஆளுக்கு மூன்று. ஒரு கேள்வி கேட்டால், அல்லது இன்னொருவர் சொன்னதோடு ஏதாவது சேர்த்துச் சொன்னால், ஒரு கொட்டையைப் ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் போடலாம். மணி அடிப்பதற்குள் எல்லார் கையும் காலியாக வேண்டும். வாயாடிகளுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் மற்றவர்கள் பேசித்தான் ஆக வேண்டும்...

வெறுமனே புரியவில்லை என்றால் கொட்டை செல்லாது. எதுவரைக்கும் புரிந்தது என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து கேட்க வேண்டும். கேட்கிறவர் மொட்டையாகக் கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அளவைப் பாடம். என் பக்கத்தில் உட்காரும் அஞ்சலை எழுந்தாள்.

“டீச்சர், ஒரு படிக்கு எத்தனை பிடின்னு புரிஞ்சிருச்சு. கேட்டுல எங்கம்மா கொண்டைய அவுத்துப் பாக்குறாங்களே... கொண்டையில எத்தனை பிடி நிக்கும்?”

பின்னாலிருந்து ஒருவன் கொட்டையோடு ஓடிவந்தான். “அவங்கம்மாவுக்கு முடியே இல்ல டீச்சர். அரைப் பிடிகூட நிக்காது லா.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

சில நாள் கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வகுப்புக்கு வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒருவர். வேலிக்கு வெளியே யாராவது சாப்பாடு கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று எங்களைக் கேட்டார்கள். யாரும் அசையவில்லை. டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார்.

அஞ்சலை கை தூக்கினாள்.

“ஆக்குன சோறா, அரிசியா?”

அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. படித்த பாடத்தைச் செய்தாள், அவ்வளவுதான். அதிகாரி அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானமே அவள் அப்பாவை லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். அடையாளக் கார்டு விஷயம் என்று வீட்டில் அவளுக்குச் சொல்லிவைத்தார்கள். நாலாம் நாள் அவர் திரும்பி வந்தார்.

அதற்கு மறுநாள் வகுப்பில் மங்கு இல்லை. கொட்டையும் இல்லை. வாய்ப்பாடு ஒப்பித்தோம். நடுவில் அஞ்சலை கை தூக்கினாள்.

“கைய இறக்கு” என்றார் டீச்சர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க ஒப்பித்தல்தான். அஞ்சலை அப்புறம் எந்த வகுப்பிலும் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

நிருபராகிப் பல வருஷம் கழித்து, ஏன் எல்லாவற்றையும் நிறுத்தினீர்கள் என்று டீச்சரிடமே போய்க் கேட்டேன். அஞ்சலை அப்பாவைக் கொண்டுபோனதும் தோட்ட ஆபிசுக்குத் தானாகவே போனாராம். அந்தக் கேள்வி பிள்ளையுடையது இல்லை, நான் பழக்கிவிட்டது என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி முன்னால் அந்த அதிகாரியிடம் சொன்னாராம். சரி, இனி வகுப்பில் கேள்வியும் பேச்சும் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த ஆள் திரும்பவும் உள்ளே போவான் என்று சொல்லி அவள் அப்பாவை விட்டிருக்கிறார்கள். கிராணி அடிக்கடி ஜன்னல் ஓரம் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவாராம்.

இது டீச்சர் சொன்னது. வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

வேலையை விட்டிருக்கலாமே என்றேன்.

“விட்டா, டீச்சர் பயந்து ஓடிட்டா, அவ ஆபிசுல சொன்னது பொய்னு ஆயிடும்யா. அந்த மனுசன மறுபடியும் பிடிச்சிருப்பாங்க. வேலையில இருந்தா பேச முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது.”

பிறகு, “அஞ்சலைகிட்ட சொல்லாத. அப்பா போனது தன் வாயாலன்னு நெனச்சுக்குவா. எம்மேல கோவமாவே இருக்கட்டும்” என்றார்.

இத்தனை வருஷமும் சொல்லவில்லை. சரியா தப்பா என்று தெரியவில்லை...

இன்று காலை தெமியாங்கில் இருக்கும் அஞ்சலைக்குப் போன் போட்டேன். சாவுச் செய்தியைச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். அதன் பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.



“அவங்க கல்யாணத்துக்குக்கூட நான் போகலயே” என்றார் அஞ்சலை.

அப்புறம், “எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?”

எனக்குத் தெரியவில்லை.

போய் வாருங்கள், டீச்சர்.

மகன் பெர்த்திலிருந்து வர வேண்டும். விமானம் நாளை விடியற்காலையில் இறங்குகிறது. எடுக்கும் நேரம் இன்னும் முடிவாகவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்குள் சொல்வதாக மகள் சொல்லியிருக்கிறார். தெரிந்ததும் முதல் போன் அஞ்சலைக்கு.