மாடி வீட்டைக் கழுவியது யார்?

செம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்பவர்கள் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கத்தான் நடக்கிறார்கள் என்று டாக்டர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் வாய்ச்சண்டைக்காகவே போனோம். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் நான், போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு சார், எங்கள் தெருவில் பாதிக்குச் சொந்தக்காரியான அக்கா. அக்காவின் மாமனார் காலத்தில் தெரு மொத்தமும் அவர்கள் வயல்தானாம். இப்போது வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சமயம் எங்களுக்குப் பேச வேறு விஷயமே இல்லை. அக்கா வீட்டு மாடியில் ஒரு அம்மாவும் மகனும் குடியிருந்தார்கள். அம்மா தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர், மகனுக்குச் சிறுசேரியில் வேலை. ஒரு நாள் காலை கடைக்குப் போய்த் திரும்பிய மகன், அம்மா சமையலறையில் மண்டை உடைந்து கிடப்பதைப் பார்த்து அலறியிருக்கிறான். வந்த போலீஸ் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று முடிவு கட்டி, செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டது. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் இது விழுந்ததால் மட்டும் வந்த காயமாகத் தெரியவில்லை என்று எழுதினார். அவ்வளவுதான், மகனைக் கொலைக் கேஸில் பிடித்துப் புழல் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பேப்பரில் காரணங்கள் வந்திருந்தன. அம்மா செத்தும் அவன் அழவில்லை. வீட்டைக் கழுவித் தடயத்தை அழித்தான். கேட்டால், நான் கழுவவில்லை, வரும்போதே கழுவியிருந்தது என்று புளுகுகிறான்.

"பெத்தவ செத்துக் கெடக்கா, ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. என் சர்வீஸ்ல பாத்த கொலைகாரன்ல பாதிப் பேர் இப்படித்தான் டீச்சர்" என்றார் சார்.

"மீதிப் பாதி?"

"அவனுங்க ஓவரா அழுவானுங்க."

"அப்ப எவ்வளவு அழுதா சார் நிரபராதி? அளவு சொல்லுங்க, கிளாஸ்ல பசங்களுக்குக் கணக்கா குடுக்கறேன்."

சாருக்கு முகம் சிவந்துவிடும். அது சிவந்தால்தான் எனக்கு நடந்த மாதிரியே இருக்கும். நானும் விடமாட்டேன். முதல் நாளே வீட்டைப் பூட்டி சீல் வைக்காதது யார் குற்றம் என்பேன். விபத்து நடந்த இடத்துக்கு எவன் சீல் வைப்பான் என்பார். விபத்து என்று யார் உங்களுக்குச் சொன்னது என்பேன். எங்கள் சத்தத்தில் முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடப்பார்கள்.

ஆனால் அக்கா கேட்கும் ஒரே கேள்வியில் நான் வாயடைத்துப் போவேன்.

"அழுவறது கெடக்கட்டும் டீச்சர். வூட்ட இன்னாத்துக்குக் கழுவுனான்? அதுக்கு பதில் சொல்லு."

 அந்த எரிச்சலில் ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதுகூட அதையே போட்டு உருட்டினேன். பதில் தெரியாவிட்டால் கேள்வியைத் திருப்பிப் போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். மறுநாள் ஏரிக்கரையில் கால் வைத்ததுமே ஆரம்பித்தேன்.

"அக்கா, அவன் கத்தினதும் முதல்ல மாடிக்கு ஓடினது நீங்கதானே? அப்ப தரை கழுவியிருந்துச்சா?"

"எங்க கழுவியிருந்துச்சு? ரத்தம் அப்படியே கெடந்துச்சு. எனக்குத் தலையே சுத்திச்சு."

"ஆம்புலன்ஸ் கிளம்பினப்போ?"

"அப்பவும்தான் கெடந்துச்சு."

"அவனும் ஆம்புலன்ஸ்லயே ஏறிப் போய்ட்டான். சாயங்காலம்தான் திரும்பி வந்தான். அதுக்குள்ள ரத்தம் எங்கக்கா போச்சு?"

"எங்க போவும்? நான்தான் சாவி போட்டுத் தொறந்து, தேச்சுக் கழுவி உட்டேன். பொணம் போன வூட்ட அப்படியேவா போட்டு வைப்பாங்க? மஞ்சத்தண்ணி தெளிச்சு, அந்தம்மா கெடந்த எடத்துல வெளக்கு ஏத்தி வச்சுட்டு..."

நடந்துகொண்டிருந்த அக்கா நின்றுவிட்டாள்.

 ஏரிக்கரை என்றும் பார்க்காமல் "அக்கா!" என்று கத்திவிட்டேன். பாவம், அக்கா எதையும் மறைக்கவில்லை. தடயத்தை அழித்தான் என்று பேப்பரில் படித்ததும், கொன்ற கையோடு வீட்டில் வேறு எங்கோ கழுவியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சாவு வீட்டில் தண்ணீர் ஊற்றுவது அவளுக்குக் குளிப்பது, சமைப்பது போல. அதைப் போய் யார் கேஸில் சேர்ப்பார்கள்?

"போலீஸ் உங்களக் கேக்கலியா?" என்றேன்.

"அவன் கழுவுனத பாத்தியான்னு கேட்டாங்க. பாக்கலன்னேன். பாக்கலியே!"

சார் தொண்டையைச் செருமினார். "இப்ப போய்ச் சொன்னா, இத்தன நாள் ஏன் சொல்லலன்னு உங்களைத்தான் குடைவாங்க. கோர்ட்டுக்கு அலையணும். யோசிச்சுக்குங்க."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. ஒரு கணம் எனக்கே பயமாகிவிட்டது, இவள் பின்வாங்கிவிட்டால் அந்தப் பையன் கதி என்ன என்று. அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அந்தப் புள்ள அங்க இன்னா துன்னுகினு கீதோ. வா டீச்சர், போலாம்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே ஆட்டோ பிடித்தோம். சாரும் ஏறிக்கொண்டார். விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். 

இன்ஸ்பெக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கழுவினதெல்லாம் பெரிய விஷயம் இல்லம்மா, கிளம்புங்க" என்றார்.

"பேப்பர்ல பெரிசாத்தானே சார் போட்டீங்க?" என்றேன் நான்.

"சரி, ஏன் கழுவுனீங்க?"

"உங்க வூட்ல சாவு வுழுந்தா கழுவ மாட்டீங்களா சார்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் சார் முன்னால் வந்து, "எழுதிக்குங்க தம்பி. நாளைக்கு வக்கீல் இவங்களைக் கூண்டுல ஏத்திக் கேட்டா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். அப்போதும் போலீஸோடு சேர்ந்துகொண்டு 'நமக்கு' என்றுதான் சொன்னார். ஆனால் எழுத வைத்தது அவர்தான். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாக்குமூலத்தை வைத்து பையனின் வக்கீல் ஜாமீன் வாங்கிவிட்டார். கேஸ் இன்னும் நடக்கிறது. கொலையா விபத்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தவன் நேராக அக்கா வீட்டு கேட்டுக்குத்தான் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். சாரும் நானும் அங்கேதான் நின்றிருந்தோம். கும்பிடுவான், காப்பாத்தினீங்க என்பான் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா கிடந்த இடத்துல விளக்கு வச்சது நீங்கதானாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா."

"அன்னைக்கு வந்து கதவைத் தொறந்தா வீடு கழுவியிருந்துச்சு, விளக்கு எரிஞ்சுது. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை யாரோ செஞ்சிருக்காங்கன்னு இருந்துச்சு. யாருன்னு கேட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

சொல்லிவிட்டு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுக, தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதான். அக்கா அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சார் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அளவு போதுமா சார் என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.