விளம்பரம் விழுங்கிய கடைசிச் சரணம்

ஹவாயியில், கலிஹியில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் ஹௌனானியிடம் டிவி பேச்சை எடுக்க மாட்டோம். எடுத்தால் போச்சு. "இப்ப வர்றதெல்லாம் ஹூலாவா? இடுப்புச் சுளுக்கு!" என்று ஆரம்பித்துவிடுவாள். கறுப்பு வெள்ளைக் காலத்தில், வைக்கீக்கி ஓட்டல் மேடையிலிருந்து வாராவாரம் நேரடியாக வந்த நிகழ்ச்சியில் ஆடியவள் அவள். அப்போது தெருவுக்கே ஒரு டிவிதான். ஸ்டீல் கிட்டார் ஓர் இழுப்பு இழுத்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். எத்தனை வீட்டுச் சோறு தீய்ந்ததோ!

கூட ஆடியவள் அவளுடைய அக்கா மாபுவானா. தன் மகள் கேஹௌ தவழ்ந்துகொண்டிருந்தபோதே மாபுவானா காய்ச்சலில் செத்துப்போனாள், பாவம். கேஹௌவை வளர்த்து ஆளாக்கியது ஹௌனானிதான். போட்டோக்கள் இருந்தன, ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை. "அம்மா எப்படி நடப்பா, எப்படித் திரும்புவா, ஒண்ணுமே தெரியலையே சித்தி" என்பாள். நாற்பது தாண்டியும் அதே ஏக்கம்.

அந்த நிகழ்ச்சியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். போன வருஷம் எங்கோ ஒரே ஒரு படச்சுருள் அகப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை டிவியில் போடுவதாக அறிவித்தார்கள். என் கார் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். பச்சை மீனும் சேப்பங்கிழங்குக் களியும் வந்து இறங்கின. கேஹௌ எதையும் தொடவில்லை.

பாட்டு தொடங்கியது. முன்வரிசையில் இளம் ஹௌனானி, ஜம்மென்று நின்றாள். அவளுக்கு நேர் பின்னால் மாபுவானா. காதோரப் பூ தெரிந்தது, ஒரு தோள் தெரிந்தது. அவ்வளவுதான்.

"அட, நகரேண்டி!" திரையில் இருந்த தன்னையே ஹௌனானி திட்டினாள். "பூசணிக்கா மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்கறதைப் பாரு!"

நான் சிரித்துவிட்டேன். கேஹௌ சிரிக்கவில்லை.

"பொறுடி. கடைசிச் சரணத்துல வரிசை மாறும்ல? உங்கம்மா நேரா உன் மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிப்பா."

கடைசிச் சரணம் வந்தது. முன்வரிசை பிரிந்து விலகியது. மாபுவானாவின் பாதம் ஓர் அடி முன்னே வந்தது. சட்டென்று திரை நிறைய சோயா சாஸ் புட்டி! அந்தக் காலத்து விளம்பரம்; சுருளும் அதோடு முடிந்தது. அந்தப் புட்டியை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு.

"அவ்வளவுதானா, சித்தி?"

"நாங்க முழுசா ஆடினோமேடி! நடுவுல விளம்பரத்துக்குப் போயிட்டாங்கன்னு அப்ப யாருக்குத் தெரியும்?" ஹௌனானிக்குக் குரல் உடைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடா கேயோனி, வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கே? யூக்கலேலேவை எடு. பாட்டைப் பாதியிலயா விடறது?" என்றாள்.

நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் வாசிக்க ஆரம்பித்ததும் அங்கிருந்து ஆடிக்கொண்டே கேஹௌவுக்கு முன்னால் வந்தாள். ஹௌனானியின் ஆட்டம் எப்போதும் துடிப்பு, வேகம். அன்றைக்கு அது இல்லை. கை தாமதமாக உயர்ந்தது. கண் அதன் கூடவே போயிற்று. திரும்பும்போது தலை லேசாகச் சாய்ந்தது. மாபுவானா ஆடுவது அப்படித்தான். நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! பார்த்துக்கொண்டே ஒரு தந்தியைத் தவறவிட்டேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

பாட்டு முடிந்தது. கேஹௌ கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"அம்மாவை இன்னொரு தடவை வரச் சொல்லு சித்தி."

ஹௌனானி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நாற்காலிகளுக்குப் பின்னால் போனாள்.